கப்பல் நகரவில்லை

போர்ட்ஸ்மத் ஆவணக்கூடத்தில் எனக்குப்
பக்கக் கணக்கில் கூலி.
எழுதிய பக்கமோ வெற்றுப் பக்கமோ
படமெடுத்தால் ஏழு சென்ட்.
அப்படித்தான் என் மேசைக்கு வந்தார்
கேப்டன் ஏசஹெல் ஃபெர்னால்ட்,
பூஞ்சை நெடியடிக்கும் பதினோரு கட்டுகளாக.

பன்னிரண்டு வயதில்
காட் மீன் ஏற்றும் கப்பலில் முதல் குறிப்பு:
"வாடை. வாந்தி. ரொட்டியில் புழு.
அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

இருபதில் கடற்படை, அதுவும் அப்போதுதான் பிறந்திருந்தது.
கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரர்களைத் துரத்தியதில்
சர்க்கரைக் கப்பல் ஒன்று சிக்கியது.
பங்குப் பணத்தில் கடிகாரம் வாங்கினார்.
அது ஒருநாளும் சரியாக ஓடியதில்லை என்று
நான்கு இடங்களில் புலம்பல்.
திரிப்போலிக்கு வெளியே இரண்டு விரல்கள் போயின.
அன்றைய குறிப்பிலும் எழுத்து சாயவில்லை.
போனது இடக்கை.

பிறகு 1813.
காற்றே இல்லாத ஒரு வாரம். ஒற்றை வரி:
"பிரைமஸ் கட், கறுப்பர், காவலில் உறக்கம். பன்னிரண்டு கசையடி."
அடுத்த வரியில் குடிநீர்க் கணக்கு.

மறுவருடம் அவருக்கென்று ஒரு கப்பல்,
எழுபத்துநான்கு பீரங்கிகளுக்கு இடம் விட்டு
பிஸ்காட்டக்வா ஆற்றுத் தீவில்
விலா எலும்புகளோடு எழுந்து நின்றது.
பிப்ரவரியில் சமாதானம் வந்துவிட்டது.
ஊரெல்லாம் மணியோசை, ஆப்பிள் மது.
கப்பலை முடிக்கப் பணமில்லை,
பிரிக்க மனமில்லை.
மழையில் மக்காமலிருக்க
மேலே ஒரு கூரை போட்டார்கள்.

கரையேறினான் என்றால்
பிழைத்துக்கொண்டான் என்று பொருள் நம் பேச்சில்.
இவரும் கரையேறினார்.

தினமும் காலையில் படகில் ஆற்றைக் கடப்பார்.
மிச்சமிருந்த கடற்பயணம் அவ்வளவுதான்.
தலை கூரையில் இடிக்க மேல்தளத்தில் நடப்பார்.
"வாடைக்கச்சான். ஓதம் ஒன்பதரைக்கு. கப்பல் நகரவில்லை."
"கொண்டல். மூடுபனி. கப்பல் நகரவில்லை."
"ஆறாம் பீரங்கித் துளையில் தகைவிலான் கூடு.
மூன்று குஞ்சுகள். கப்பல் நகரவில்லை."
ஒரு ஜனவரியில் மட்டும்:
"நகர்ந்ததுபோல் இருந்தது. உறைபனியில் மரம் முனகியது."

பெயரும் இல்லை அதற்கு.
வெள்ளோட்டத்தன்றுதான் பெயர் வைப்பார்கள்.

கூலிப் பட்டியலைப் புரட்டினேன்.
கலப்பத்து வேலைக்கு: பி. கட்.
காய்ந்த பலகைகள் வாய் திறக்க, வசந்தம்தோறும்
சணலும் தாரும் வைத்து அடித்து மூட வேண்டும்,
தண்ணீரையே பார்க்காத கப்பலுக்கு.
பதினேழு வருடங்கள்
மேலே பூட்ஸ் சத்தம், கீழே சுத்தியல் சத்தம்.
இருவரும் பேசியதாக ஒரு சொல் இல்லை.

1829 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை:
"சோழகம். மழை. கப்பல் நகரவில்லை.
அன்று கட் உறங்கவில்லை. காய்ச்சல்.
மருத்துவர் சொன்னார். கேட்டும் கேளாதவனாக இருந்தேன்."
கீழே ஒரு தொகையைப்போல
பன்னிரண்டு என்ற எண், கோடிட்டு.
அவனிடம் சொன்னாரா?
புதன்கிழமைக் குறிப்பில் கொண்டல் காற்று மட்டும்.

கடைசிக் குறிப்பு 1833 நவம்பர். வேறொரு கை.
பலகைகளை அடுக்கியதுபோல் எழுத்துகள்:
"வாடை. ஓதம் நாலு மணிக்கு.
கேப்டன் வரலை. கப்பல் நகறவில்லை."

எழுதியவர் யார் என்று கேட்கிறது அட்டவணை.
தெரியவில்லை என்று நிரப்பினேன்.
ஊகத்துக்குக் கட்டம் கிடையாது.

பிறகு நாற்பத்தொரு வெற்றுப் பக்கங்கள்.
ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன்.
முப்பதாவதின் ஓரத்தில்
கறுத்துக் காய்ந்த ஒரு தார்க் கட்டைவிரல்.
அதற்கும் ஏழு சென்ட்தான்.