பதினேழாம் நிபந்தனை

கூட்டம் ஆறரைக்குத் தொடங்கிற்று.
குறிப்பெடுப்பது என் வேலை.
யார் பேசினார், எதை முன்மொழிந்தார்,
எத்தனை கை எழுந்தது. அவ்வளவுதான்.
குரல் நடுங்கியதை எழுதக் கூடாது.
இருமலுக்கும் இடமில்லை.

பொருள் எண் நான்கு:
மார்ஷம் ஊர் நடுவே,
பழைய தானியச் சந்தைக்குப் பின்புறம்
ஐந்து மாடி, அறுபத்திரண்டு அறை,
ஒரு ஹோட்டல்.
வரைபடத்தில் மரங்களுக்கெல்லாம் ஒரே வயது.
வரைபடத்து மனிதர்கள் ஒருவரும்
குடை பிடிக்கவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
மேசைமேல் சின்ன விளக்கு:
பச்சை, மஞ்சள், சிவப்பு.

முதலில் கிவெண்டா ஆஸ்க்யூ,
சாட்லர் சந்து, கதவு எண் ஏழு.
நாட்குறிப்பு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.
நவம்பரில் அவர் சமையலறைக்கு
வெயில் வருவது ஒன்று நாற்பதுக்கு,
போவது இரண்டு ஐம்பத்தைந்துக்கு.
ஐந்து மாடி எழுந்தால் பதினோரு நிமிடம் மிஞ்சும்.
"அதுவும் மேகம் இல்லாவிட்டால்" என்றார்.
அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்;
இந்த ஊருக்கு அதைத்
திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.
நான் எழுதியது:
ஒளி இழப்பு குறித்து ஆட்சேபம்.

அடுத்து ரொவீனா டக்கெட்.
தாள் எதுவும் இல்லாமல் வந்தாள்.
கடலோர விடுதியொன்றில் படுக்கை விரிக்கிறாள்.
போக ஒன்றேகால் மணி நேர பஸ்.
திரும்பும் கடைசி பஸ் ஏழு பத்துக்கு;
விட்டால் டாக்சி, அன்றைய கூலியில் பாதி.
"ஊர் அழகுதான். நான் இல்லை என்கவில்லை.
பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்துதான்
நாளாகிவிட்டது."
பச்சை மாறுமுன்பே உட்கார்ந்துவிட்டாள்.
மீந்த இரண்டு நிமிடம்
யாரைச் சேரும் என்று
விதிகளில் இல்லை.

நிறுவனத்தின் சார்பில் வந்தவர்
'இயைந்த' என்ற சொல்லை ஒன்பது முறை சொன்னார்.
எண்ணினேன்; எழுதவில்லை.

பிறகு குப்பைத் தொட்டிகள்.
எத்தனை, எந்தப் பக்கம், எந்தக் கிழமை லாரி வரும் என்று
நாற்பது நிமிடம்.
எல்லாருக்கும் கருத்து இருந்தது,
எல்லார் வீட்டிலும் தொட்டி இருப்பதால்.

ஆதரித்து ஐந்து கை. எதிர்த்து ஐந்து.
தலைவர் ஹெக்டர் ரடாக் கை தூக்கவே இல்லை.
ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர்.
ஊசி போடுமுன் கழுத்தைத் தடவிக்கொடுப்பவர்போல
கோப்பைத் தடவினார்.
மேலே மணிக்கூண்டு எட்டேகால் காட்டியது;
அது பதின்மூன்று வருடமாக எட்டேகால்தான் காட்டுகிறது.
"ஆதரிக்கிறேன்" என்றார்,
யாரையும் பாராமல்.

இருபத்துமூன்று நிபந்தனைகளுடன் அனுமதி.
பன்னிரண்டாவது, கூரையடியில் குருவிகளுக்குப் பொந்து.
பதினேழாவது, செங்கல்:
மாதிரிக்கு ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம்
அங்கேயே கட்டிக் காட்டி
ஒப்புதல் பெற வேண்டும்.

மார்ச்சில் படிவத்தோடு போனேன்.
சகதி. கம்பி வேலி.
நடுவே அந்தச் சுவர் மட்டும்,
எதையும் எதிலிருந்தும் பிரிக்காமல்,
கேள்வி புரியாத மாணவன்போல நின்றது.
மழை அப்போதுதான் விட்டிருந்தது.

கிவெண்டா எனக்கு முன்பே வந்திருந்தார்.
கையுறையைக் கழற்றி
சுண்ணாம்புப் பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தார்.
குறை கண்டுபிடிக்க வந்தவர்
வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"நல்ல செங்கல்" என்றார் கடைசியில்.
"அதுதான் கஷ்டம்."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
ஒன்றில் கோடு போட்டேன். பேனா ஈரத்தில் வழுக்கிற்று.
கையெழுத்துப் போட முதுகு வளைத்தபோதுதான் பார்த்தேன்,
சுவரின் அந்தப் பக்கம்
யாரோ ஒரு சைக்கிளைச்
சாய்த்து வைத்திருந்தார்கள்.
அதற்குள்.