ஒரே செவ்வாய்க்கிழமை

மூன்று அறக்கட்டளைகளுக்கும்
கணக்கு எழுதுவது நான் ஒருத்திதான்.
ரகசியம் ஒன்றுமில்லை,
யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மார்ச் கடைசி. குடியாத்தத்து வெயில்
கூரைத் தகடு வழியாக மேசைக்கு இறங்கும் நேரம்.
டீசல் ரசீதுகளை அடுக்கும்போது கண்ணில் பட்டது:
பரதராமி சாலை, ஒரே பங்க், ஒரே செவ்வாய்க்கிழமை,
ஏழு ஐம்பது, எட்டு பத்து, எட்டே கால்.
மூன்று வண்டிகள்.

நோயாளிப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினேன்.
என் வேலை இல்லைதான்.

காசநோய்ப் பிரிவில் அவள் சின்னபாப்பா, ஐம்பத்திரண்டு.
கண் முகாமில் எஸ். பாப்பா, ஐம்பத்தெட்டு.
வலிதணிப்பு வண்டியில் பாப்பம்மாள்,
வயதுக்கு நேரே வெறும் கோடு.
மூன்றிலும் தொழில் பீடி.
மூன்றிலும் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.
மூன்று பேரும் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள்.
சர்க்கரை மாத்திரை மட்டும்
எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒருவர் அலுவலகப் படியை மற்றவர் மிதிக்கமாட்டார்.
ஆகவே கல்யாண மண்டபத்துப் பந்திக் கூடத்தில் கூட்டம்.
வாடகையை மூன்றாய் வகுத்தேன்.
அவர்கள் சேர்ந்து செய்த முதல் செலவு அது.

வேதாசலம் கேட்டார்:
வண்டியில் யார் பெயர் மேலே வரும்?
ஞானசிகாமணி சொன்னார்:
குளிர்பெட்டி நாங்கள் வாங்கியது, எங்கள் சாவி.
நஸீமா பேகம் பேசவில்லை.
சாம்பார்க் கறை காய்ந்த மேசைமேல்
ஒரு கடிதத்தை விரித்து வைத்தார்.
செப்டம்பரோடு நிதி நிற்கிறது, வருந்துகிறோம்.

கொஞ்ச நேரம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
ஞானசிகாமணியின் பை திறந்தது.
இன்னொரு கடிதம். அதே வருத்தம்.
வேதாசலம் சட்டைப் பையைத் தொட்டார்,
எடுக்கவில்லை.
எடுக்கத் தேவையும் இல்லை.

இப்போது ஒரு வண்டி, ஒரு குளிர்பெட்டி,
மூன்று சாவிகள்.
சம்பளப் பட்டியல் இன்னும் சண்டையில்.
பெயர் வரிசை முடியாததால்
வண்டி வெள்ளையாகவே ஓடுகிறது.
தேர்தல் வண்டி என்று பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள்.

ஓட்டுநர் தசரதனை நிறுத்தும் கடிதத்தை
நான்தான் தட்டச்சு செய்தேன்.
மிச்சம் என்ற கட்டத்தில்
அவருடைய பதினோராயிரம் உட்கார்ந்திருக்கிறது.
அந்தக் கட்டத்தை எப்போதும் வேகமாகக் கடப்பேன்.

போன செவ்வாய் நானும் வண்டியில் போனேன்,
ஒரே பெயர், ஒரே பதிவு என்று ஆக்க.
சின்னபாப்பா முறத்தை மடியில் வைத்து
இலை கத்தரிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்:
"மூணு வண்டி வருமே, மத்த ரெண்டு பேருக்கும்
ஒடம்பு சரியில்லையா?"

சர்க்கரை மாத்திரையைக் கையில் வைத்தோம்.
வயது என்ன எழுதட்டும் என்றேன்.
நூலைப் பல்லால் அறுத்தாள்.
"அறுபதுன்னு போடு. பென்ஷனுக்கு ஆவும்."

மூன்று பதிவேடுகளிலும் இல்லாத எண்.
பென்சிலால் எழுதினேன்.