ரஜாய்க்குள் வெண்ணெய்

ஜனவரி ஒன்று. முனிர்க்கா. மூன்றாம் மாடி.
கத்தியை ஊன்றினால்
வெண்ணெய்க் கட்டி தட்டோடு நகர்கிறது,
வெட்டுப்பட மாட்டேன் என்கிறது.

கீழ்வீட்டு யஷ்பால் நேற்றுச் சொன்னான்:
"அம்மாவுக்குப் பிறந்தநாள், பாபி. கேக் வேணும்.
பேரை ஹிந்தியில் எழுதணும்."
ஆதார் எடுக்கப் போன அன்று
கேட்டவனுக்கும் தெரியவில்லை, சொன்னவளுக்கும் தெரியவில்லை,
போட்டுவிட்டார்கள் ஜனவரி ஒன்று.
இந்தச் சந்தில் பாதிப் பேர்
இன்றைக்குத்தான் பிறந்தவர்கள்.

அடுப்பில் காட்டிப் பார்த்தேன் ஒரு கட்டியை.
கொஞ்சம் முகம் திருப்பியதற்குள்
நெய்யாகப் போய்விட்டது.
உருகுவது வேறு, இளகுவது வேறு.
போகட்டும், நாளைப் பருப்புக்கு ஆகும்.

அடுத்த கட்டியைத் தாளோடு கொண்டுபோய்
விமான நிலையத்தில் இரவெல்லாம் பெட்டி இறக்கிவிட்டு
ஏழு மணிக்கு வந்து விழுந்த அருளப்பனின்
முதுகோரம், ரஜாய்க்குள் வைத்தேன்.
"யாரது?" என்றான் கண் திறக்காமல்.
"வெண்ணெய்."
நகர்ந்து இடம் கொடுத்தான்.

அது தூங்கி எழுவதற்குள்
சர்க்கரையை மிக்ஸியில் போட்டேன், ஒரு கரண்டி சோளமாவோடு.
மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை.
வெளியே நிற்கிற மூடுபனிக்கு
என் அடுப்படியில் ஒரு கிளை.
டீ வடிகட்டியில் இரண்டு தரம் சலித்தேன்.
புருவம் நரைத்துவிட்டது.

இளகிய வெண்ணெயில் விரல் வைத்தால் பள்ளம் விழும்,
பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதுதான் பக்குவம்.
மரக்கரண்டியால் அடி அடியென்று அடித்தேன்
மஞ்சள் போய் வெளுக்கும் வரை,
தொப்தொப் என்ற சத்தம்
சளப்பென்று மாறும் வரை.
இரண்டு சொட்டுப் பால். எசன்ஸ்.
விரல் நுனியில் ஒட்டிய அளவுக்கு உப்பு;
அது இல்லாவிட்டால் இனிப்புக்கு நாக்கில் நிற்கத் தெரியாது.

பால் பாக்கெட்டைக் கழுவித் துடைத்து
மூலையைக் கத்தரித்து, நிரப்பி,
எவர்சில்வர் தட்டில் எழுதிப் பழகினேன்.
கை சூடு பிடிக்க முதலில் நம்முடையது:
ற. ண. ஞ.
சுழிக்கச் சுழிக்க வந்துகொண்டே இருந்தன,
கிரீமுக்கென்றே பண்ணிய எழுத்துகள் போல.

அப்புறம் யஷ்பால் கொடுத்த துண்டுச் சீட்டு.
ஆறு வருஷமாக இந்த ஊரில்
பஸ்ஸை எண் பார்த்து ஏறுகிறேன்,
கடையைப் பலகையின் நிறம் பார்த்து.
நாலு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் எலும்பு தெரிகிறது.
தலைக்கு மேலே ஒரு நேர்கோடு,
அதற்கும் மேலே சாய்வாக ஒரு கீற்று.
கோடு நடுங்கியது. வழித்துத் தின்றேன்.
மறுபடி நடுங்கியது, தின்றேன்.
நாலாவது தடவை திகட்டிப்போய் ஜன்னலைப் பார்த்தால்
எதிர்மாடியில் காயாத ஸ்வெட்டர்கள்.
எழுத்துகளை முதலில் தொங்கவிட்டேன்,
பிறகு கொடியைக் கட்டினேன்.

சாயங்காலம் கேக்கைக் கீழே வைத்ததும்
கம்லேஷ் சால்வையை இழுத்துவிட்டுக் குனிந்து,
மகன் காதில் விழாமல் கேட்டாள்:
"என்ன எழுதியிருக்கிறது?"
"உங்கள் பேர்தான்."
"உனக்கு வாசிக்கத் தெரியுமா?"
"தெரியாது. பார்த்து வரைந்தேன்."
அவள் சிரித்த சிரிப்பில்
மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்தது.
"அப்படியானால் உன்னுடையதில் எழுது."

மிச்சக் கிரீமில், சாசர் ஓரத்தில் எழுதினேன்.
கடைசி எழுத்தின் தலையில் புள்ளி:
அழுத்தி, சட்டென்று எடுத்தால்
சின்னக் கூம்பாக நிற்கும்.
"இது எதற்கு?" என்றாள்.
ஒலி அங்கே அடங்கும் என்று சொல்ல
என்னிடம் ஹிந்தி போதவில்லை;
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
அவள் அந்தப் புள்ளியை மட்டும் தொட்டு எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.

மேலே வந்தபோது
அருளப்பன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.
"என் பக்கத்தில் படுத்திருந்ததே,
அது என்ன ஆயிற்று?"
வழிக்காமல் வைத்திருந்த கிண்ணத்தை
அவனிடம் நீட்டினேன்.