பதினொன்று புள்ளி இரண்டு

இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே
நாடாவைச் சுற்றி இழுப்பேன்.
சின்னச் சாளரத்தில் தெரிந்துவிடும்
பிள்ளை சிவப்பா மஞ்சளா பச்சையா என்று.

இக்லாஸ் சிவப்பு.
பதினொன்று புள்ளி இரண்டு.
போன செவ்வாயும் அதே,
அதற்கு முந்தைய செவ்வாயும் அதே.

வாரத்துக்குப் பதினான்கு பொட்டலம்.
வேர்க்கடலையும் பால்மாவும் எண்ணெயும் சர்க்கரையும்
குழைத்த பசை. அடுப்பு வேண்டாம்.
நுனியைக் கிழித்து உறிஞ்சினால் சதை பிடிக்கும்.
பிடித்துக் கண்டிருக்கிறேன்:
தலை நிற்காமல் வந்த ஒருவன்
ஆறாம் வாரம் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

சனிக்கிழமை அத்ரே சந்தையில்
வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.
பக்கத்துச் சாக்கில், தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் இடையில்
எங்கள் பொட்டலங்கள்.
‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த பக்கம்
மேலே தெரியும்படி அடுக்கியிருந்தார்கள்.
விற்றுவிட்டு நகர்ந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு.
இக்லாஸ் அதில்தான் கட்டப்பட்டிருந்தாள்.

பின்னாலேயே போனேன்.
கோபத்தோடுதான் போனேன், மறைக்கவில்லை.

கல்தூமா விறகுக்காரியிடம் நிற்கவில்லை.
எண்ணெய்க் கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கூரைமேல் வெள்ளைத் தட்டு வைத்த
யாகூபின் கொட்டகையில் காசைக் கொடுத்தாள்.
அரைமணி நேர இணையம்.
கீறல் விழுந்த போனைக் குழந்தையின் வாயருகே பிடித்து
‘அப்பாவோடு பேசு’ என்றாள்.
பேசுகிற வயசா அது?
மூச்சு மட்டும் பதிவானது. அனுப்பினாள்.

திரையை என்னிடம் நீட்டினாள்.
தீஜானி.
ஆற்றுமணலைக் கடக்கும்போது
ஆண்களைத் தனியாக நிறுத்தினார்களே,
அந்தப் பக்கம் நின்றவன்.
நாற்பத்தொரு குரல்செய்தி.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே ஒரு சாம்பல் டிக்.
‘ரெண்டாவது விழுந்தால் உயிரோடிருக்கிறான் என்று அர்த்தம்’
என்றாள், கணக்கு ஒப்புவிப்பவள் போல.

செவ்வாய்க்கிழமை படிவம்.
எடை கூடாததற்குக் காரணம்:
நோய். பகிர்தல். விற்றல்.
ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.
வரிசை வேம்படி வரை நீண்டு கிடந்தது,
ஒரு கைக்குழந்தை வீறிட்டது,
‘அஷ்தா, சீக்கிரம்’ என்றான் எடைத் தராசுக்காரன்.

நோய் என்று போட்டேன்.
பொய்தான்.

பிறகு அவளிடம் சொன்னேன்:
என் போனில் அனுப்பலாம், காசு வேண்டாம்,
ஆனால் பொட்டலத்தை என் முன்னால் கிழிக்க வேண்டும்.
கிழித்தாள். இக்லாஸ் உறிஞ்சினாள்,
மோவாயெல்லாம் பசை, மூக்கிலும் கொஞ்சம்.
அந்தச் சத்தத்தையே அனுப்பினோம்.

இந்த வாரம் பதினொன்று புள்ளி நான்கு.
சிவப்புதான் இன்னும்.

தீஜானியை நான் பார்த்ததில்லை.
ராத்திரி கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு
வெளிச்சத்தைக் குறைத்து வைத்து
அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.