ஒன்பது புள்ளி ஒன்று

உன்னிச்சைக் குளத்தில்
காலை ஆறு மணிக்கு நீர்மட்டம் வாசிப்பது என் உத்தியோகம்.
அடிப்பலகையில் பாசி வழித்து
அலை ஓயும்வரை நின்று
ஓர் எண். அதற்குச் சம்பளம்.

இரவில் வாசிக்கும் எண்ணுக்குச் சம்பளமில்லை.
அணைக்கட்டில் மல்லாந்து கிடந்து
ஒரு கண்ணில் பூஞ்சணம் பிடித்த பைனாகுலரால்
மீராவைத் தேடுவேன்.
மாறாத இரண்டு வெள்ளிகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கவேண்டும்:
இதைவிட மங்கல், அதைவிடப் பளிச்.
இடையில் எங்கோ அதன் எண்.
மங்க மங்க எண் ஏறும்.
குளத்துக்கு அப்படி எழுதினால் வேலை போய்விடும்.

கார்த்திகையில் போகப் பார்த்தது.
மூன்று நாள் அடைமழை. குளம் ஒரே மூச்சில் ஏறியது.
நாலாம் இரவு, மேகம் கிழிந்த இடத்தில்,
திமிங்கிலத்தின் கழுத்தடியில் அது:
அணையப்போகும் பீடி நுனி.
ஒன்பது புள்ளி ஒன்று.
விடிந்ததும், தூக்கக் கண்ணோடு,
அதையே நீர்மட்டப் பத்தியில் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஏழரைக்குத் தொலைபேசி. இஞ்சினியர் இல்ஹாம்.
"பதினெட்டு அடித் தண்ணி ஒரு ராவுக்குள்ள எங்க போச்சு?
வான்கதவைத் திறந்தது ஆர்?"

திறந்தது வான்தான். சொல்லவில்லை.

துருசுக்காரப் பேரின்பம் மழைக்கோட்டோடு ஓடிவந்து
குளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
குளம் அங்கேதான் இருந்தது,
நிறைமாதக்காரி மாதிரி அசையாமல்.

சித்திரையில் இல்ஹாம் நேரே வந்தார்.
பதிவேட்டின் பின்பக்கங்களைப் புரட்டினார்.
மீரா 8.2. மீரா 6.7. மீரா 4.
மாசிக் கடைசியில்
மீரா 3.3, வெறுங்கண்ணுக்கே நல்ல சிவப்பு.
பேரின்பம் தொண்டையைச் செருமினான்.
கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே,
எனக்கு ஆயித்தியமலைப் பக்கம் ஒருத்தி என்று,
முந்நூற்று முப்பத்திரண்டு நாளுக்கு ஒருதரம்தான்
முகம் தெளிவாள் என்று.

"காட்டும் பாப்பம்," என்றார்.

காட்ட முடியாத மாதம்.
இந்நேரம் நம்முட தலைக்கு மேலதான் நிக்குது சேர்,
வெயிலுக்குள்ள.
ஆனியில விடியப்புறம் கிழக்கே வரும்.
வரக்குள்ள மங்கியிருக்கும்.

நிமிர்ந்து பார்த்தார். கண் கூசி
இரண்டு தரம் தும்மினார்.
பிறகு கார்த்திகைப் பக்கத்துக்குத் திரும்பி
ஒன்பது புள்ளி ஒன்றைச் சிவப்பு மையால் வெட்டி,
இருபத்தேழு புள்ளி நாலு என்று எழுதி
ஒப்பமிட்டார்.

நிறத்தையாவது சரியாகப் பிடித்தார்.