ஏழு பகல், ஆறு இரவு

கரண்டு பில்லின் பின்பக்கம்
ரியூனியன் தீவை வரைகிறேன்.
முட்டை மாதிரி வருகிறது.
"இங்கதான் நெருப்பு மலை.
இந்தப் பக்கமா ஒழுகி
ரோட்டைத் தாண்டிக்
கடல்ல இறங்கிடுச்சாம்."
தேசிங்கு பேனாவை வாங்கி
ரோடு அறுந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டார்.
"பஸ் எது வரைக்கும் போவும்?"

எர்ணாவூர்க் கடலோரம்
பதினோரு வருஷம் டிப்பரில் கல் கொட்டியவர்.
அலை தின்னத் தின்ன, லோடு லோடாக.
"அங்க யாரு கொட்டுனது?"
"மலையே வந்து கொட்டுச்சு."
"டீசல் காசு மிச்சம்."

சீட்டு எடுத்த பணத்தில்
முக்கால்வாசி விமானத்துக்கே போயிற்று.
பருப்புப்பொடி, ஊறுகாய்.
நெத்திலிக் கருவாடு விடுவார்களா தெரியவில்லை.

விடுதிக்காரர் கடிதத்தின் அடியில்
பிரெஞ்சு எழுத்தில் ஒரு பெயர்.
கூட்டிக் கூட்டிப் படித்தேன்:
மு, து, சா, மி.
தமிழில் பதில் போட்டேன்.
புரியவில்லை, மன்னிக்கவும் என்று வந்தது.
தேசிங்கு ரொம்ப நேரம்
ஹார்பர் பக்கமே பார்த்திருந்தார்.

கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை உதறினால்
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
கறுப்பு மணலைப் பார்க்கவா
இத்தனை செலவு என்கிறாள்
ராயபுரத்து நாத்தனார்.
பதில் இருக்கிறது. சொல்லவில்லை.

விடிகாலை ஐந்தரை.
புது ஷூவைப் பழக்க
அவர் கொட்டிய கற்களின் மேல் நடக்கிறோம்.
வழுக்குகிறது. நண்டு ஒதுங்குகிறது.
"இது என்னோடது" என்று
ஒரு கல்லைக் காட்டுகிறார்.
எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
கையைப் பிடித்துக்கொண்டு
அடுத்ததற்குத் தாவினேன்.