நான்கே தடம்

மழை நாளில் விற்பனை படுத்துவிடும்.
அன்று மதியம் வந்த ஒரே ஆள்
கீலுங் துறைமுகத்திலிருந்து பேருந்தில் வந்த
ஜியான் யூ-ச்சின்.
ஈரக் குடையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக்
கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

தைபேயில், நான்காம் மாடியில்,
கை நீட்டினால் இரு சுவரும் தொடும் என் கடை.

பருந்துகளைப் படம் பிடிக்கிறாளாம்.
கப்பல்களுக்கு மேல் வட்டமிடும் கரும்பருந்துகள்;
நான்கு கேமரா, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை.
பழைய கணினி செத்துவிட்டது.
ஏழு ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டன.
இரவில் டிப்போவில் வேலை:
எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்பதை
இவள்தான் சொல்வாள்.

ஏழு டிஸ்க் என்றதும் எனக்கு நாக்கு ஊறியது.
மனப்பாடத்தை ஆரம்பித்தேன்.

பிராசசர் பெரிய மனுஷன், எல்லோரோடும் பேசாது.
ராமோடு நேரில் பேசும்.
கிராபிக்ஸ் கார்டுக்கும் முதல் எஸ்எஸ்டிக்கும்
தனி வாசல் திறந்து வைத்திருக்கும்.
மற்ற கூட்டம், நெட்வொர்க்கும் டிஸ்குகளும்
பாதி யூஎஸ்பியும்,
சிப்செட்டிடம் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும்.

மூன்று எழுத்து இருக்கிறது, அம்மா.
ஏ என்றால் சிக்கனம். பிராசசரின் வேகத்தை முறுக்க விடாது.
பி நடுத்தரம், முறுக்கலாம்.
எக்ஸ்…
இங்கே நான் குரலைத் தாழ்த்துவேன்,
கோயில் கருவறையைக் காட்டுவது போல
பெட்டியை மெல்லத் திருப்புவேன்.
எக்ஸில் எட்டு டிஸ்க் மாட்டலாம்.

(எக்ஸ் விற்றால் எனக்கு முந்நூறு.
பி விற்றால் ஒன்றுமில்லை.)

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை.
"சிப்செட்டிலிருந்து பிராசசருக்கு எத்தனை தடம்?"

பதினொரு வருடம் இங்கே நிற்கிறேன்,
இதை யாரும் கேட்டதில்லை.
நான்கு என்றேன்.

"எக்ஸில்?"

நான்கு.

"பிறகு எட்டு டிஸ்க் எப்படி?"

இரண்டு சிப், ஒன்றன் பின்னால் ஒன்று…

சிரித்துவிட்டாள்.
விலைப்பட்டியலின் பின்பக்கம் பேனாவால் ஒரு கோடு,
கோட்டின் நுனியில் ஒரு வட்டம்,
வட்டத்துக்குப் பின்னால் இன்னொரு வட்டம்.
"நிறுத்தத்துக்குப் பின்னால் இன்னொரு நிறுத்தம்.
வெயிலில் நிற்க இடம் கூடும், பையா.
பாலம் அதே பாலம்தான்."

முழுப் பூசணிக்காயை நான்
எத்தனை பேர் சோற்றில் மறைத்திருக்கிறேன்.

"நிரம்பிய டிஸ்க் அலமாரியில் தூங்கட்டும்.
ஓடப்போவது இரண்டுதான். பி கொடு."

அதையும் அவள் வாங்கியது
கேமராக்களுக்குப் போதுமான யூஎஸ்பி துளைகள் இருந்ததால்.
ஏயில் இரண்டு குறைந்தது.
எண்ணிப் பார்த்துத்தான் பணத்தை எடுத்தாள்,
நனைந்த நோட்டுகள், ஒவ்வொன்றாக.

ஷட்டர் இறக்கிய பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லை.
காட்சிக்கு வைத்த எக்ஸ் பலகையை எடுத்து
ஸ்க்ரூக்களைக் கழற்றினேன்.
டிராகன் பொறித்த அந்த அலுமினியக் கவசத்தை
இதுவரை திறந்து பார்த்ததே இல்லை;
பார்க்காமலேதான் புகழ்ந்திருக்கிறேன்.

பசையைத் துடைத்தேன்.
இரண்டு சிறு கறுப்புச் சதுரங்கள்.
ஒரே எழுத்து, ஒரே எண், ஒரே அளவு.
பி பலகையையும் திறந்தேன்.
அதிலும் அதே சதுரம், ஒன்று.

முதல் சதுரம் பிராசசரோடு பேசும்.
இரண்டாவது பிராசசரை அறியாது.
தன்னைப் போலவே இருக்கும் ஒன்றிடம்
எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்.
அதன் மேல் எனக்கு ஏன் பரிவு வந்தது என்று தெரியவில்லை.
முந்நூறு போன வருத்தமாகவும் இருக்கலாம்.

மூடினேன். ஒரு ஸ்க்ரூ உருண்டு காணாமல் போனது.
கட்டைவிரலில் சாம்பல் நிறப் பசை,
சோப்புக்கும் போகவில்லை.

கடைசிப் பேருந்து நனைந்த பாலத்தில் ஏறியபோது
முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள்.
எங்கோ ஒரு டிப்போவில்
அவள் ஒரு வண்டியை
இன்னும் இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்திருப்பாள்.